முள்ளாயி வளர்த்த தண்ணீர்விட்டான் நாற்று

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில், அந்த ஆண்டு மற்ற எல்லா விலங்குகளையும்விட அதிகக் கோபத்தோடு இருந்தவள் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி.

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு, குழந்தைகளே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காட்டில் தண்ணீர்விட்டான் என்று ஒரு கொடி வளர்ந்தது. இலைகள் ஊசி ஊசியாக இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும். மண்ணுக்குள்ளே கிழங்குகள் விரல் விரலாகக் கொத்தாக இறங்கியிருக்கும். ஒன்றை ஒடித்தால் உள்ளே தண்ணீர் கசியும். கோடையில் ஓடை வற்றிப் புல் கருகும்போது, குட்டி ஈன்ற தாய்களுக்கு அந்தக் கிழங்கைத் தின்றால்தான் பால் சுரக்கும்.

அதைத் தின்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஓரத்துக் கிழங்குகளில் ஒன்றிரண்டை ஒடித்துக்கொண்டு, கொடியின் தூரை மண் தள்ளி மூடிவிட வேண்டும். அடுத்த மழைக்கு அந்தத் தூர் மறுபடியும் துளிர்க்கும்.

போன கோடையில் கோரையன் என்ற காட்டுப்பன்றி அந்தச் சரிவுக்கு வந்தான். பேராசைக்காரன். ஓரம், நடு என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. மூக்கைச் செருகி ஒவ்வொரு கொடியையும் தூரோடு பெயர்த்தான். பாதியைத் தின்றான், பாதியை மிதித்துவிட்டுப் போனான். சரிவு முழுவதும் உழுது போட்ட நிலம்போலக் கிடந்தது.

முள்ளாயிக்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தது. முள்கூட இன்னும் கெட்டிப்படாத குட்டி. கிழங்கு தேடி அவள் அலைந்தாள். போன இடத்திலெல்லாம் வெறும் குழிகள்தான் இருந்தன. அவளுக்குப் பால் வற்றியது. குட்டி உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தது, அழுதது. பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல், ஒரு விடியற்காலையில் அசையாமல் கிடந்தது.

முள்ளாயி ஓடைக்கரையில் கோரையனை மறித்து நின்றாள்.

"தூரை ஏன் பெயர்த்தாய்? அதை விட்டிருந்தால் எங்களுக்கும் கிடைத்திருக்கும். என் குட்டி செத்துப்போனது."

கோரையன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. பிறகு, "மண்ணில் இருப்பது தோண்டுகிறவனுக்கு. உன் குட்டிக்கென்று யாராவது தனியாகப் புதைத்து வைத்தார்களா?" என்று கேட்டுவிட்டு, அவளைத் தோளால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போனான்.

கரையில் கடமான்கள் நின்றன. மரத்தில் குரங்குகள் இருந்தன. எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவன் போன பிறகு ஒவ்வொருவராக வந்து, பெரிய உடம்புக்காரனோடு வம்பு வேண்டாம் என்றும், நடந்தது நடந்துவிட்டது என்றும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் முள்ளாயிக்கு அதிகமாக எரிந்தது. கோரையனுடைய திமிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இவர்களுடைய இரக்கத்தைப் பொறுக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

மழைக்காலம் வந்தது. பெயர்த்த இடத்தில் ஒரு கொடியும் துளிர்க்கவில்லை. தூர் இருந்தால்தானே துளிர்க்கும்?

கோபம் வந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். முள்ளாயியும் சும்மா இருக்கவில்லை. கோரையன் ஏற முடியாத உச்சிப்பாறையில் இரண்டு கொடிகள் பிழைத்திருந்தன. அவள் கால் நகம் தேயத் தேய அங்கே ஏறினாள். கொடியில் பழங்கள் சிவந்து கருத்து உதிர்ந்து கிடந்தன. அவற்றை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். பழத்தோலைப் பாறையில் தேய்த்து உரித்தாள். உள்ளே இருந்த கறுப்பு விதைகளைப் பாறைக்குழியில் தேங்கிய தண்ணீரில் ஊறப்போட்டாள்.

விதையைக் காடெங்கும் இறைத்தால் மழை வெள்ளம் கொண்டுபோகும். மிஞ்சியது குளம்புக்கு அடியில் நசுங்கும். அதனால் தன் வளைக்குப் பக்கத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு நாற்றங்கால் அமைத்தாள். மண்ணைக் கிளறிக் கல் பொறுக்கினாள். மக்கிய இலையைக் கொண்டுவந்து கலந்தாள். தண்ணீர் தேங்காமல் வழிந்தோடும்படி ஒரு பக்கத்தைச் சரித்துவிட்டாள். ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு மாலையில் விதையை ஊன்றினாள். இந்தக் கூதிர்காலத்தில், அதாவது மழையோடு குளிர் தொடங்கும்போது, போட்ட விதை பனிக்காலம் முழுவதும் வேர் பிடிக்கும். கோடை மழையின் முதல் ஈரத்தில் நாற்றைப் பெயர்த்து, சரிவெங்கும் நட்டுவிடலாம். இதுதான் அவள் கணக்கு.

மருளி என்ற பெண் கடமான் இதைப் பார்க்க வந்தாள். அவள் பயந்த சுபாவம் உள்ளவள். போன கோடையில் அவளும் ஒரு கன்றை இழந்திருந்தாள். இந்தக் கிழங்கை வரும் கோடையில் தின்னலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"வரும் கோடையில் கிடையாது. அதற்கடுத்த கோடையிலும் கிடையாது. வேர் பெருத்துக் கிழங்காக வேண்டாமா?" என்றாள் முள்ளாயி.

"அதற்குள் நான் இரண்டு கன்று ஈன்றிருப்பேனே."

"மூன்றாவதற்காவது பால் இருக்கட்டும்" என்று முள்ளாயி வெடுக்கென்று சொன்னாள். மருளி திரும்பிப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தவிட்டி வந்தாள். அவள் ஒரு காட்டுக்கோழி. தவிட்டு நிறம், கூச்சமான பேச்சு, ஓயாத வேலை. பின்னால் பஞ்சு உருண்டைகள்போல அவளுடைய குஞ்சுகள் ஓடிவந்தன. குஞ்சுகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றும், முள்ளாயியின் வளைக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் கிட்ட வரமாட்டார்கள் என்றும் சொன்னாள்.

முள்ளாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கோழி கிளறும். என் நாற்றங்காலைக் கிளறினால் என்ன செய்வேன் தெரியுமா?"

"விதையைத் தொட மாட்டேன் அக்கா. பகலில் நீங்கள் தூங்கும்போது நான் பார்த்துக்கொள்கிறேன். யாராவது வந்தால் கத்துகிறேன்."

முள்ளம்பன்றி பகலெல்லாம் வளைக்குள் தூங்கும். இருட்டினால்தான் வெளியே வரும். பகலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதை முள்ளாயியும் யோசித்திருந்தாள். அதனால் சரி என்றாள். இரண்டு பேரும் விடிகிறபோதும் அந்தி சாய்கிறபோதும் மட்டுமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கார்த்திகையில் விதை முளைத்தது. நூல் நூலாக, பச்சையாக, தலை குனிந்துகொண்டு மண்ணைக் கீறி மேலே வந்தது. முள்ளாயி மூச்சு விட்டால் ஆடியது. அதைப் பார்க்கும் நேரம் மட்டும் அவள் முதுகில் முட்கள் அடங்கிப் படிந்திருந்தன. "விடிந்ததும் நல்லா பார்த்துக்கொள்" என்று தவிட்டியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போவாள்.

இதையெல்லாம் புதருக்குள் இருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் புனுகன் என்ற புனுகுப்பூனை. போகிற இடமெல்லாம் அவன் மேனி மணக்கும். பேச்சும் அப்படித்தான். கோள் சொல்வது அவனுக்குக் கைவந்த வேலை. நாற்றைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. குஞ்சுகளைப் பார்த்துத்தான் அவனுக்கு எச்சில் ஊறியது. ஆனால் அந்தக் குஞ்சுகளுக்கும் அவனுக்கும் நடுவே முள்ளாயியின் முட்கள் நின்றன. அந்த முட்களோடு மோத அவன் முட்டாள் இல்லை. அவற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்று காத்திருந்தான்.

மார்கழியில் ஒரு மாலை முள்ளாயி எழுந்து வந்து பார்த்தபோது, சில நாற்றுகள் அடியில் அறுபட்டுச் சாய்ந்து கிடந்தன. அவள் முட்கள் ஒரு முறை சடசடத்தன. தவிட்டியிடம் கேட்கலாம் என்று பார்த்தாள். அவள் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு தூங்கத் தொடங்கியிருந்தாள்.

அப்போது புனுகன் வந்தான்.

"பாவம் முள்ளாயி அக்கா, எவ்வளவு பாடுபட்டு வளர்த்தீர்கள். நாற்றைச் சுற்றி மண்ணெல்லாம் கீறியிருக்கிறதே, அது யாருடைய கால்?" என்று கேட்டான்.

முள்ளாயி குனிந்து பார்த்தாள். கோழிக்கால் கீறல்தான். பாத்தியின் ஓரமெல்லாம் இருந்தது.

"நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, அக்கா. கண்ணில் பட்டதைச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அடுத்த மாலை இன்னும் சில நாற்றுகள் விழுந்திருந்தன. புனுகன் மறுபடியும் வந்தான். இந்த முறை அவன் நாற்றைப் பற்றிப் பேசவே இல்லை. அன்று காலை கோரையனைப் பார்த்ததாகவும், ஓடைக்கு அந்தப்பக்கம் அவன் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்ததாகவும், அவன் பின்னாலேயே தவிட்டி தலையை ஆட்டி ஆட்டி நடந்ததாகவும் போகிறபோக்கில் சொன்னான்.

"கோரையனோடா?" என்றாள் முள்ளாயி.

"அவன் பின்னால்தான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை, அக்கா."

புனுகன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, குழந்தைகளே. பன்றி மண்ணைப் புரட்டினால் அதில் புழு கிடைக்கும். புழுவுக்காகக் கோழி பின்னால் போகும். காட்டில் தினமும் நடக்கிற காரியம். முள்ளாயிக்கும் அது தெரியும். ஆனால் கோரையன் என்ற பெயரைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்த எல்லாமே மறந்துபோனது. அசையாமல் கிடந்த குட்டி மட்டும் கண்முன் வந்தது.

விடிந்த பிறகும் அவள் தூங்கவில்லை. வளைக்குள் படுத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். நான் இரை தூக்கமில்லாமல் வளர்த்ததை ஒருத்தி பகலில் அறுத்துத் தின்கிறாள், அதை என் குட்டியைக் கொன்றவனுக்கும் காட்டிக்கொடுக்கிறாள், இத்தனையும் என் நிழலில் இருந்துகொண்டே செய்கிறாள் என்று நினைக்க நினைக்க அவள் நெஞ்சு கொதித்தது. ஓடைக்கரையில் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள், ஆறுதல் சொன்னவர்கள், தோளால் தள்ளிவிட்டுப் போனவன், எல்லாருடைய முகமும் சேர்ந்து கடைசியில் தவிட்டியின் முகமாக ஆனது.

வெயில் ஏறியதும் அவள் வெளியே வந்தாள்.

தவிட்டி பாத்திக்குள் நின்றுகொண்டிருந்தாள். அவள் அலகில் அறுந்த நாற்று ஒன்று தொங்கியது. ஒரு கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அக்கா, இந்த வேரடியில் பாருங்கள், மண்ணுக்குள்ளே..." என்று அவள் தொடங்கினாள்.

முள்ளாயி கேட்கவில்லை. அவள் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் முன்னால் பாயாது. முதுகைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகவே ஓடிவந்து குத்தும். குத்துகிற நேரத்தில் எதிரே இருப்பவரின் முகத்தை அது பார்க்காது. முள்ளாயியும் பார்க்கவில்லை. வாலைச் சடசடவென்று அடித்துக்கொண்டு, பாத்தியை மிதித்துக்கொண்டு, பின்னால் பாய்ந்தாள்.

தவிட்டியின் ஒரு சிறகை முட்கள் துளைத்தன. குஞ்சுகள் நாலாபக்கமும் சிதறின.

"என் கண்ணில் படாமல் போய்விடு" என்றாள் முள்ளாயி. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

சிதறிய குஞ்சுகளைக் கூப்பிட்டுச் சேர்க்கத் தவிட்டிக்குப் பகல் முழுவதும் ஆனது. சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, குஞ்சுகளை முன்னால் விட்டு, அவள் புதர்களைத் தாண்டிப் போனபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கோழிக்குக் கண் மங்குகிற நேரம். புனுகன் இரை தேடிக் கிளம்புகிற நேரம்.

மறுநாள் முள்ளாயி நிம்மதியாக எழுந்தாள். இனி நாற்றுக்கு ஆபத்து இல்லை என்று நினைத்துக்கொண்டு பாத்திக்குப் போனாள்.

நாற்றுகள் விழுந்து கிடந்தன. முன்பு ஒன்று இரண்டாக விழுந்தவை, இப்போது வரிசை வரிசையாகச் சாய்ந்திருந்தன. மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை.

முள்ளாயி விழுந்த ஒரு நாற்றின் வேரடியை நகத்தால் மெல்லக் கிளறினாள். மண்ணுக்குள்ளே ஒரு புழு வளையமாகச் சுருண்டு கிடந்தது. மண் நிறத்தில், கொழுத்து, வயிறு நிறைந்து கிடந்தது. அடுத்த நாற்றின் அடியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

நாற்றை அறுத்தது அந்தப் புழுதான். இருட்டில் மேலே வந்து தண்டை அடியில் அரித்துவிட்டு, பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும்; அரித்த தண்டு வெயில் ஏறிய பிறகுதான் அறுந்து சாயும். தவிட்டி பகல் முழுவதும் கிளறிக் கிளறி அதைத்தான் பொறுக்கியிருக்கிறாள். அவள் இருந்தவரை ஒன்றிரண்டு நாற்றுதான் போனது. அவளைத் துரத்திய ஒரே நாளில் இத்தனை போய்விட்டது.

முள்ளாயி தவிட்டி போன பாதையில் ஓடினாள். புதர்களுக்கு அப்பால் ஒரு மரத்தடியில் இறகுகள் சிதறிக் கிடந்தன. பெரிய இறகு சில. பஞ்சுபோன்ற சின்ன இறகு நிறைய. அந்த இடமெங்கும் புனுகு மணத்தது.

அங்கேயே நின்று அந்த மணத்தை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் புனுகன் வந்தான். வயிறு தொங்க, உடம்பை நக்கிக்கொண்டு, பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சனியன் விட்டது என்று பார்த்தால், நாற்று இன்னும் குறைகிறதே அக்கா. அந்தக் கடமான் மருளி இந்தப் பக்கம் வந்துபோகிறாள், கவனித்தீர்களா? அவள் குளம்படி..." என்று இழுத்தான்.

முள்ளாயி மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, "தவிட்டி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டாள்.

"அவளுக்கென்ன அக்கா, கோரையன் நிழலில் குஞ்சுகளோடு சுகமாக இருப்பாள்."

முள்ளாயி இந்த முறை உடனே முதுகைத் திருப்பவில்லை. மெதுவாக நடந்து அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் கண்ணை, மூக்கை, மீசையைப் பார்த்தாள். அவன் மேல் வீசிய மணத்தை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். இவன்தான் என்று முழுக்கத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

புனுகனுக்கு ஓடக்கூட இடம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கமும் பாறை. முகத்தில், தோளில், முன்னங்காலில் முட்கள் ஏறின. மிச்ச முட்களில் பாதி அவன் உடம்போடு போயிற்று. அவன் அலறிக்கொண்டு ஊர்ந்து போன சத்தம் சரிவின் அடிவாரம்வரை கேட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் அவன் மணம் வீசவில்லை.

ஆனால் கோபம் தணியவில்லை. தணியும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். புனுகனைக் குத்தியதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தாள். அது இறங்காமல் அவள் மேலேயே திரும்பியது.

தேடித் தேடி, மேல்சரிவில் ஒரு மூங்கில் புதருக்குள் தவிட்டியைக் கண்டுபிடித்தாள். தவிட்டி உயிரோடு இருந்தாள். சிறகு வளைந்தபடியே காயம் காய்ந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குஞ்சு நின்றது.

முள்ளாயி தொலைவிலேயே நின்றுகொண்டாள். தான் பார்க்காமல் பாய்ந்துவிட்டதாகவும், புழுவைக் கண்டதாகவும், புனுகனைத் தண்டித்துவிட்டதாகவும் சொன்னாள். திரும்பி வந்துவிடு என்று கேட்டாள். நாற்று இன்னும் கொஞ்சம் இருக்கிறது, இரண்டு பேருமாகச் சேர்ந்தால் காப்பாற்றிவிடலாம் என்றாள்.

தவிட்டி கேட்டு முடித்தாள். எப்போதும்போல அக்கா என்று கூப்பிடவில்லை. கூச்சமும் அவள் குரலில் இல்லை.

"உன் நாற்று போனால் அடுத்த ஐப்பசியில் மறுபடியும் விதைப்பாய். என் குஞ்சுகளை நான் எந்த ஐப்பசியில் விதைப்பேன்?"

தவிட்டி அந்தக் குஞ்சைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"உன் குட்டி செத்தபோது எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள் என்று உனக்குக் கோபம். நான் அப்போது இந்தச் சரிவிலேயே இல்லை. அந்தக் கோபத்தை என்மேல் ஏன் இறக்கினாய்? நான் சின்னவள் என்பதாலா?"

முள்ளாயி தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தாள்.

தை மாதப் பனியில் கோரையன் வந்தான். பகல் நேரம். சத்தம் கொடுக்க யாரும் இல்லை. முள்ளாயி கண் விழித்து வெளியே வந்தபோது அவன் மூக்கு பாத்திக்குள் இருந்தது. அவள் முட்களைச் சிலிர்க்கப் பார்த்தாள். முதுகில் பாதி இடம் மொட்டையாக இருந்தது. புது முட்கள் அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்தன. வாலை அடித்தாள்; பழைய சடசடப்பு எழவில்லை.

கோரையன் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தான். நூல்போல வேர்தான் இருந்தது. துப்பினான். "கிழங்கு பெருக்கட்டும், அப்புறம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, பாத்தியின் ஒரு மூலையை மிதித்துக்கொண்டு நிதானமாகப் போனான்.

அவள் குட்டியைக் கொன்றவன் அவன்தான். இத்தனை கோபத்தில் அவன்மேல் மட்டும் ஒரு முள்கூடத் தைக்கவில்லை. தவிட்டியின் சிறகிலும் புனுகன் உடம்பிலும் தைத்தவை அங்கேயே போய்விட்டன.

அன்றிலிருந்து முள்ளாயி பகலிலும் தூங்கவில்லை. வெயிலில் கண் கூச, ஒவ்வொரு வேரடியாக நகத்தால் கிளறிப் புழுவைப் பொறுக்கினாள். கோழி ஒரு கொத்தில் செய்கிற வேலை அவளுக்கு ஒரு பொழுது பிடித்தது. பனி கொட்டிய நாட்களில் காய்ந்த புல்லை நாற்றுகள்மேல் பரப்பினாள். விடிந்ததும் எடுத்துவிட்டாள். உடம்பு இளைத்தது. நாற்றங்காலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

பங்குனி கடைசியில் கோடை மழை வந்தது. மண் நெகிழ்ந்து வாசம் எழுந்த மாலையில் அவள் நாற்றுகளைப் பெயர்க்கத் தொடங்கினாள். பச்சைத் தண்டு கையகல உயரம் வளர்ந்திருந்தது. அடியில் வேர்கள் வெள்ளையாக, சற்றே தடித்து, விரல் விரித்ததுபோல இருந்தன. அவற்றை மண்ணோடு வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு போனாள்.

திறந்த சரிவில் அவள் நடவில்லை. கோரையனின் மூக்கு நுழையாத பாறை இடுக்குகளைத் தேடினாள். முள்புதர்களின் நடுவைத் தேடினாள். குழி பறித்து, வேர்களை நாலு பக்கமும் பரப்பி, தூர் மண்ணுக்குள் இருக்கும்படி மூடினாள். மருளி தானாகவே வந்து மேட்டில் நின்று, காதை உயர்த்திக் காவல் காத்தாள். அவள் கால்கள் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாலும் அவள் நகரவில்லை. அவள் வயிறு மறுபடியும் பெருத்திருந்தது.

மேல்சரிவின் பக்கமாக நட்டுக்கொண்டு போனபோது முள்ளாயி தவிட்டியைப் பார்த்தாள். தவிட்டி, சிறகு ஒரு பக்கம் தொங்க, வளர்ந்துவிட்ட அந்த ஒற்றைக் குஞ்சோடு, ஈர மண்ணில் இரை தேடிக்கொண்டிருந்தாள். முள்ளாயி ஓர் அடி எடுத்து வைத்தாள். தவிட்டி உடனே குஞ்சைக் கூட்டிக்கொண்டு மூங்கில் பக்கம் நகர்ந்தாள்.

முள்ளாயி நின்றுவிட்டாள். பிறகு அந்த இடத்தில், நடவேண்டிய குழியைவிட அகலமாக மண்ணைக் கிளறிப் புரட்டினாள். புழுக்கள் மேலே வந்து நெளிந்தன. நாற்றை நட்டு மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனாள்.

அவள் நன்றாகத் தூரம் போன பிறகு தவிட்டி புதரிலிருந்து வெளியே வந்தாள். குஞ்சை முன்னால் விட்டு, புரட்டிப் போட்ட மண்ணைக் கொத்தினாள். நாற்றின் பக்கம் போகவில்லை.

மறுநாளும் முள்ளாயி அங்கே வந்து மண்ணைப் புரட்டிவிட்டுப் போனாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கடைசிவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நீதி: கோபம் வந்தால், அது யார்மேல் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொண்டு கோபப்படு; ஆள் மாறி விழுந்த அடியை எந்த மன்னிப்பாலும் திருப்பி எடுக்க முடியாது.